பார்த்தது, கேட்டது, நினைத்தது

(கச்சிராயபாளையத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டத்துக்கு வரும் காட்டுயிர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி சொன்னார்கள். தலைப்பைப் பலகையில் எழுதியபோது உங்களில் சிலர் சிரித்ததைக் கவனித்தேன். காட்டுயிர் பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்குப் போக வேண்டும், தோட்டத்தில் என்ன இருக்கிறது, அணிலும் ஓணானும்தானே என்ற சிரிப்பு அது. ஆமாம், அணிலும் ஓணானும்தான். அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேற்கே கல்வராயன் மலை. பக்கத்தில் கோமுகி அணை. சுற்றிலும் கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம். காடும் வயலும் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கையும் ஒரு வாழைக் குத்தும் இருந்தால் போதும், அழைக்காமலே விருந்தாளிகள் வருவார்கள். என் வீட்டுத் தோட்டம் நாலு சென்ட்டுக்கு மேல் இருக்காது. கடந்த ஓர் ஆண்டில் அங்கே என் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன்: அணில், ஓணான், அரணை, தேரை, கீரி, சாரைப்பாம்பு, கொம்பேறிமூக்கன், பழந்தின்னி வௌவால், புள்ளி ஆந்தை, செண்பகம், தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, மைனா, கரிச்சான், குயில், மயில். பறவைகளை மட்டும் எண்ணினால் 27 வகை. உங்கள் தோட்டத்தில் இதைவிட அதிகம் இருக்கலாம்.

நான் 26 ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் வகுப்பில் முதல் வாரம் இரண்டு வேலை கொடுப்பேன். முதலில் ஒட்டகச்சிவிங்கியை வரையச் சொல்வேன். எல்லோரும் வரைந்துவிடுவார்கள். கழுத்து நீளமாக இருக்கும், உடம்பில் புள்ளி இருக்கும், தலையில் இரண்டு கொம்புகூட இருக்கும். அடுத்து ஒரு கேள்வி: ஓணானுக்கு முன்காலில் எத்தனை விரல்? மூன்று, நான்கு, விரலே கிடையாது என்று வகுப்பு முழுக்கப் பதில் பறக்கும். ஐந்து என்று ஒருவர் இருவர் சொன்னாலும், பார்த்துச் சொல்வதில்லை, நமக்கு ஐந்து அதனால் அதற்கும் ஐந்து என்று ஊகித்துச் சொல்வார்கள். ஒட்டகச்சிவிங்கியை அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். ஓணானைத் தினமும் பார்க்கிறார்கள், ஆனால் தெரியாது. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதுதான் இன்று என் பேச்சு.

இதற்கு நான் கையாளும் முறை மிக எளியது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் 'பார்த்தது'. வலப்பக்கம் 'கேட்டது'. வீட்டுத் தோட்டத்தில், வேலியோரத்தில், கிணற்றடியில் ஏதாவது ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் இடப்பக்கம் எழுத வேண்டும். அந்த உயிரைப் பற்றிப் பாட்டி சொன்னது, நண்பன் சொன்னது, கைப்பேசியில் வந்தது, ஏன், நான் வகுப்பில் சொன்னதுகூட, எல்லாம் வலப்பக்கம்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி ஓணானைத் தேர்ந்தெடுத்தாள். அப்போது ஏழாம் வகுப்பு. அவள் வலப்பக்கம் எழுதியதை முதலில் சொல்கிறேன். 'ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது. அதனால் ஓணானைக் கண்டால் அடிக்க வேண்டும். சொன்னவர் பெரியம்மா.' அடுத்தது, 'ஓணான் எட்ட இருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது. சொன்னவன் அண்ணன்.'

நம்மில் பலருக்கும் இந்தக் கதைகள் தெரியும். ஓணானின் கழுத்தில் சுருக்குப் போட்டு இழுத்து விளையாடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் கொடியவர்கள் இல்லை. கேட்டதை நம்பினார்கள், அவ்வளவுதான். ஒரு கதை அணிலைத் தடவிக் கொடுக்கச் சொல்கிறது, அதே கதை ஓணானைக் கல்லால் அடிக்கச் சொல்கிறது.

இனி அவளுடைய இடப்பக்கம். 'முருங்கை மரத்தில் தலை கீழாக இருந்தது. எறும்பு வரிசையில் வந்த எறும்புகளை ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்தது. பன்னிரண்டு வரை எண்ணினேன்.' 'இன்னொரு ஓணான் வந்தது. முதலாவது தலையை மேலும் கீழும் ஆட்டியது. கழுத்தும் முகமும் சிவந்தன. வந்தது ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு மங்கியது.' 'முன்காலில் ஐந்து விரல். பின்காலிலும் ஐந்து. பின்காலில் ஒரு விரல் மிக நீளம்.'

ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தன் இடத்தைக் காத்துக்கொள்ளவும் பெண்ணைக் கவரவும் நிறம் மாறுகிறது, தலையாட்டுகிறது என்று நான் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். அவள் தானே பார்த்ததால் இடப்பக்கத்தில் நின்றது. ரத்தம் உறிஞ்சிச் சிவந்ததா என்று அண்ணன் கேட்டதற்கு, 'பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் சிவந்தது, இன்னொரு ஓணான் வந்தபோதுதான் சிவந்தது' என்று அவளால் பதில் சொல்ல முடிந்தது.

ஆடி மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் அவள் பார்த்தது இன்னும் முக்கியமானது. வயிறு பருத்த ஓர் ஓணான் தரையிறங்கி, ஈரமண்ணை முன்காலால் தோண்டியது. குழியில் வெள்ளையாக முட்டைகள் இட்டது. மண்ணைத் தள்ளி மூடியது. தலையால் குத்திக் குத்தி மண்ணை இறுக்கியது. பிறகு திரும்பிப் பாராமல் மரமேறிப் போய்விட்டது. அவள் அந்த இடத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள், கோழி கிளறாமல் இருக்க. அதுவரை ஓணானைக் கண்டால் கல்லெடுத்த அண்ணன்தான் முள் வெட்டிக் கொடுத்தவன்.

ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து நோட்டைக் கொண்டு வந்தாள். ஒரு சந்தேகம் என்றாள். 'சார், மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. குட்டிகள் வெளியே போயிருக்கும். ஆனால் நான் குட்டியைப் பார்க்கவில்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது?'

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என் நோட்டில் இடம் இல்லை. துளையைப் பார்த்தாள், ஆகவே துளை இடப்பக்கம் போகும். குட்டி வெளியேறியதை அவள் பார்க்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அவளே கருதியது அது. அன்று முதல் நோட்டில் மூன்றாவது பத்தி வந்தது: 'நினைத்தது'. அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அறிவியலில் உற்றுநோக்கல் என்றும் ஊகம் என்றும் நாம் வரையறை எழுதிப் போடுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மண்துளையின் முன்னால் உட்கார்ந்து அந்த இரண்டையும் தானே பிரித்துவிட்டாள்.

பார்த்ததையும் நினைத்ததையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வரும் கீரிப்பிள்ளைக் கதை. குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்றுவிட்டு, வாயில் ரத்தத்தோடு எதிரே வருகிறது கீரி. தாய் பார்த்தது ரத்தம். அவள் நினைத்தது குழந்தை இறந்துவிட்டது என்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இல்லாததால் கீரி செத்தது. இந்தக் கதையைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அடுத்த முறை நடத்தும்போது மூன்று பத்தி போட்டு, அந்தத் தாய் பார்த்தது எது, நினைத்தது எது என்று பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள். இலக்கியப் பாடமும் அறிவியல் பாடமும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடும்.

கீரியைப் பற்றி வலப்பக்கத்தில் தவறாமல் வரும் செய்தி ஒன்று: பாம்போடு சண்டை போட்ட கீரி ஏதோ ஒரு மூலிகையைத் தின்று விஷத்தை முறித்துக்கொள்ளும். உண்மையில் அந்தப் பாதுகாப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. நல்லபாம்பின் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையே உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு தசையைச் செயலிழக்கச் செய்யும். கீரியின் ஏற்பிகளின் அமைப்பு சற்று மாறியிருப்பதால் நஞ்சு அங்கே சரியாக ஒட்டுவதில்லை. அதற்குமேல் அதன் வேகமும் சிலிர்த்த மயிரும் காப்பாற்றுகின்றன. பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? வேலியோரமாகவே ஓடுகிறது.

இப்போது பாம்புக்கு வருகிறேன். தோட்டம், உயிரினம், ரசனை என்று பேசும்போது பெற்றோரும் ஆசிரியரும் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமப்புறத்தவர்கள். ஆகவே நம் பிள்ளைகளின் நோட்டில் பாம்பைப் பற்றி வலப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் கவனித்துப் படிக்க வேண்டும்.

கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு, நம்மை எரிக்கும் புகையைப் பார்க்க மரமேறி உட்காரும் என்கிறார்கள். அது நமக்கு நஞ்சில்லாத பாம்பு. மரத்தில் ஏறுவது ஓணானையும் பல்லியையும் தேடி. சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். பின்னிக்கொண்டு எழும்பி நிற்கும் இரண்டு சாரைகள் பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண்கள். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்கிறார்கள். அரணை கடித்தால் மரணம் என்கிறார்கள். அரணைக்கு நஞ்சே கிடையாது. இந்த நம்பிக்கைகளால் எலி தின்னும் சாரையும், தீங்கில்லாத அரணையும் அடிபட்டுச் சாகின்றன.

நான் அதைவிட அதிகமாகக் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. தீங்கில்லாத பாம்புகளின் மேல் இத்தனை கதை கட்டிய நாம், கட்டுவிரியனைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. அது இரவில் நடமாடும். தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது, கடிவாய்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழும், கண்ணிமை கனத்துத் தொங்கும், பேச்சு குழறும். வயிற்று வலிக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். தரையில் படுத்த பிள்ளை காலையில் இப்படி எழுந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒரு தெருவையே காப்பாற்ற முடியும்.

நம் பகுதியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் கடிக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான் அரசு மருத்துவமனையில் போடப்படுகிறது. அதனால் கடித்த பாம்பைத் தேடி அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதில் நேரம்தான் வீணாகும், இன்னொருவரும் கடிபடலாம். கயிறால் இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, தைரியம் சொல்லி, 108-ஐ அழைக்க வேண்டும். மலையடிவார ஊர்களிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அந்த நேரத்தை மந்திரிப்பதில் செலவழிக்கக் கூடாது.

பாம்பைப் பொறுத்தவரை பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: எந்தப் பாம்பானாலும் நின்ற இடத்திலிருந்து பின்வாங்கி, பெரியவரைக் கூப்பிடு. கட்டுவிரியனைப் போலவே பட்டைகளோடு நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும் உண்டு. அதை அடையாளம் காணும் வேலையைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது. எட்ட நின்று பார்த்ததை நோட்டில் எழுதலாம், அவ்வளவுதான்.

வீட்டைச் சுற்றிப் பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வந்த 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996-இல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் அதை நிறுத்தவில்லை. யானைகளைப் பற்றி நுட்பமாக எழுதிய அதே மனிதர், அணிலையும் காகத்தையும் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த வீடும் அவருக்கு ஒரு களம். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி நூலகத்துக்கு நூல் வாங்கும்போது பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதியும் பக்கத்தில் இருக்கும் உயிர்களைப் பற்றி எழுதுவதற்கு அவருக்குச் செய்தி தீர்ந்துபோகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து, மலையிலிருந்து வரும் நம் பிள்ளைகளைப் பற்றி. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். நான் 'கேட்டது' என்று வலப்பக்கம் ஒதுக்குவதால் பெரியவர்கள் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று பொருள் கொள்ள வேண்டாம். வலப்பக்கம் என்பது இன்னும் சரிபார்க்காததை வைக்கும் இடம். சரிபார்த்தால் பல செய்திகள் உறுதிப்படும். எந்தப் பழம் எப்போது பழுக்கும், அதற்கு எந்தப் பறவை வரும், ஈரமண்ணில் பதிந்த தடம் முள்ளம்பன்றியுடையதா காட்டுப்பன்றியுடையதா என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நம் தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் அவர்களும் அதை அறிவு என்று நினைப்பதில்லை.

இருளர் மக்களைப் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாம் மேலே சொன்ன நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. நாட்டில் நஞ்சுமுறி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்து போயிருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஶ்ரீ விருது வழங்கப்பட்டது. மண்ணில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து, இந்த வழியே இந்தப் பாம்பு போயிருக்கிறது என்று சொல்லும் திறமை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வந்தது. மலைப்பிள்ளை ஒன்று வகுப்பில் தடம் பற்றிச் சொன்னால், 'சரி, உட்கார்' என்று சொல்லாமல், கரும்பலகைக்கு வந்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். அன்று அந்தப் பிள்ளைதான் வகுப்பின் ஆசிரியர்.

இதை எந்த வகுப்பில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில், 'இன்று காலை உங்கள் தோட்டத்துக்கு யார் வந்தார்?' என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லட்டும், ஒரு படம் வரையட்டும். 

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் எண்ணிக்கை. பத்து நிமிடத்தில் தேன்சிட்டு செம்பருத்திக்கு எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணலாம். ஒரு வாரக் கணக்கைப் பட்டை வரைபடமாக்கலாம். அணிலின் முதுகில் எத்தனை கோடு என்று எண்ணச் சொல்லுங்கள். நம் ஊர் அணிலுக்கு மூன்று. வட இந்தியாவில் ஐந்து கோடு உள்ள இன்னொரு வகை உண்டு. டெல்லியில் இருக்கும் பிள்ளை எண்ணினால் வேறு விடை வரும் என்பது எவ்வளவு நல்ல பாடம்! 

ஆறு முதல் எட்டு வரை மூன்று பத்தி நோட்டு. ஒன்பது, பத்தில் ஒரு கேள்வியும் அதைச் சோதிக்கும் வழியும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்ற உணவுச்சங்கிலியைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதற்குப் பதில், தன் தோட்டத்தில் பார்த்தவற்றை வைத்து ஒரு சங்கிலி எழுதட்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா உயிரும் 'சாப்பிடுகிறது' என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். அணில் கொறிக்கிறது, மைனா கொத்துகிறது, தேன்சிட்டு உறிஞ்சுகிறது, ஆடு மேய்கிறது, பல்லி கவ்வுகிறது, தவிட்டுக்குருவி சருகைக் கிளறிப் பொறுக்குகிறது. பார்த்து எழுதும்போது வினைச்சொல் தானே வந்து உட்காரும். குயில் கூவுகிறது என்று எழுதும் பிள்ளை, கூவுவது கறுப்பாக இருக்கும் ஆண் என்றும், பழுப்பில் புள்ளி போட்ட பெண் வேறு மாதிரி கத்தும் என்றும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாணவரோடு சேர்ந்து பங்கேற்க நல்ல வாய்ப்பு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. வீட்டு வாசலில் நின்றே குறைந்தது 15 நிமிடம் பறவைகளை எண்ணி, இணையத்தில் பதிவிட வேண்டும். சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் ஆளுக்கு ஐந்து மாணவரைச் சேர்த்தால் நம் ஊரின் பறவைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பதிவேடு உருவாகும்.

சில கட்டுப்பாடுகள் அவசியம். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. பொந்தில் கை விடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது. கூட்டுக்கு அருகில் போகக் கூடாது. ஆள் நடமாட்டம் பார்த்துக் காகம் வந்து முட்டையை எடுத்துவிடும். குரங்குக்குத் தீனி போடக் கூடாது. கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகள் வழியாகவே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். தோட்டத்தில் ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விட்டு வைக்கலாம், ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கலாம். விறகையும் செங்கல்லையும் மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. பாம்பும் தேளும் தங்க அது வசதியான இடம். எலிக்கு விஷம் வைப்பவர்கள், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பாதிக்கப்படும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார்: 'ஐயா, எங்கள் வீட்டில் மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டுகிறது, போட்ட விதையை மயில் பொறுக்குகிறது. எங்களிடம் போய் ரசிக்கச் சொல்கிறீர்களே?' நியாயமான கேள்வி. நட்டத்தை மறைத்துக்கொண்டு ரசிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதையும் முதல் பத்தியில் எழுதுங்கள் என்றுதான் சொன்னேன். எந்த நாள், எந்த நேரம், வேலியின் எந்தப் பக்கமாக வந்தது, எத்தனை செடி போனது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கும்போது 'எப்போதும் தொல்லை' என்ற புகாரைவிட இந்தக் கணக்குதான் உதவும். வேலியை எங்கே பலப்படுத்துவது என்பதையும் அதுதான் சொல்லும். ரசனைக்கும் பிழைப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: சரியாகப் பார்ப்பது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று இன்னும் சிலர் மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நோட்டு வீட்டில் எழுதப்படுகிறது. வகுப்பில் நமக்குத் தேவைப்படுவது வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளையில் பத்து நிமிடம். மூன்று பிள்ளைகள் எழுந்து தாங்கள் எழுதியதைப் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வகுப்பு முழுவதும் ஒரே கேள்வி கேட்கும்: 'நீ பார்த்ததா, கேட்டதா, நினைத்ததா?' சில மாதங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அதை ஓணானோடு விட்டுவிடுவதில்லை. கைப்பேசியில் வரும் வதந்தியைப் பார்த்தும் கேட்பார்கள். பக்கத்துத் தெருக்காரனைப் பற்றி, வேறு சாதிக்காரனைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னாலும் கேட்பார்கள். கல்லெடுக்கும் முன் ஒரு நொடி நிற்கப் பழகிய கை எல்லா இடத்திலும் நிற்கும் என்பது என் நம்பிக்கை. இதை நான் 'நினைத்தது' பத்தியில்தான் எழுத முடியும். சரியா என்று உங்கள் வகுப்புகளில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வீட்டுப்பாடத்தோடு முடிக்கிறேன். இது மாணவருக்கு இல்லை, நமக்கு. நாளைக் காலை கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, தோட்டத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். தோட்டம் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடியோ தெருவோர வேப்பமரமோ போதும். ஓர் உயிரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். முதலில் அவற்றைப் படித்துவிட்டுப் பிறகு மற்ற அலுவலைத் தொடங்குவோம்.